ஒரு தலையாட்டலும் ஒரு வேளைச் சோறும்

1

வண்டி செத்துப்போச்சு. 2022 ஏப்ரல் 14, காலை பதினொன்றரை மணி இருக்கும். திருக்கோவிலூரிலிருந்து சங்கராபுரம் போகிற ரோடு. சித்திரை முதல் தேதி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. திடீரென்று க்ரீச் என்று ஒரு சத்தம். பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்று, வண்டி தாரில் இழுத்துக்கொண்டு போனது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. ஓரங்கட்டி உதைத்துப் பார்த்தேன். கிக்கர் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. இன்ஜின் ஜாம்.

ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தவர்களுக்கு இது புரியும். அந்த வண்டிக்கு பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வழுக்கலாக இருப்பது அந்த ஆயில்தான், வேறு கதி கிடையாது. ஆயில் இல்லாவிட்டால் பிஸ்டன் சூடேறிப் பெருத்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அன்று காலை பங்க்கில் கூட்டம். அவசரத்தில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். குற்றம் என்னுடையது. அந்த வண்டியை இருபத்தோரு வருஷம் வைத்திருந்த என் அப்பா ஒருநாள்கூட ஆயில் ஊற்ற மறந்ததில்லை.

என் கையில் ஒரு படம் இருந்தது. கண்ணாடி போட்டு சட்டம் அடித்த அம்பேத்கர் படம். பேப்பர் சுற்றி, சணல் போட்டுக் கட்டியது. சங்கராபுரம் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தநாள் கூட்டம். படத்தை நான் கொண்டு வருவதாக ஏற்பாடு. மத்தியானம் நான் பேச வேண்டும்.

நியூட்ரலில் போட்டால் சக்கரம் சுற்றியது. படத்தை சீட்டின் மேல் வைத்துக் கட்டிவிட்டுத் தள்ள ஆரம்பித்தேன். ரெண்டு கிலோமீட்டர் தள்ளினால் ஒரு ஊர் வரும், மெக்கானிக் இருப்பான் என்று ரோட்டில் ஆடு மேய்த்த கிழவி சொன்னாள்.

2

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா ஆதிதிராவிடர் நல விடுதியில் சமையல்காரர். 1996-இல் ஒரு வாத்தியாரிடமிருந்து செகண்டு ஹேண்டில் வாங்கினார். எங்கள் சேரிக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள் அது. அன்று சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு ரவுண்டு போனோம். எனக்கு ஒன்பது வயசு.

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பினார். என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டார். சேரியைத் தாண்டி ஊர்த்தெரு முனை வந்ததும் இன்ஜினை நிறுத்தினார். இறங்கினார். என்னையும் இறங்கச் சொன்னார். செருப்பைக் கழற்றி டேங்க் கவரில் செருகினார். நல்லா ஓடுகிற வண்டியை நாலு தெரு தள்ளிக்கொண்டே போனார். நான் பின்னாடி நடந்தேன். ஏரிக்கரை வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணினார். எதுவுமே நடக்காத மாதிரி "ஏறுடா" என்றார்.

பொதுச்சாலையும் தெருவும் கிணறும் எல்லாருக்கும் என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் சென்னை மாகாண சட்டசபையில் நிறைவேறியது 1924-இல். என் அப்பா ஓடுகிற வண்டியைத் தள்ளியது அதற்கு 72 வருஷம் கழித்து. நடுவில் 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வந்தது. 1955 சட்டம் வந்தது. 1989 சட்டம் வந்தது. சட்டமெல்லாம் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்பா இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

மூணு வருஷம் இப்படியே தள்ளினார். 1999-இல் ஒருநாள் ஊர்த்தெரு முனை வந்தும் அவர் இறங்கவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. கியரைக் குறைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் பயத்தில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "இறங்கலயாப்பா?"

"கால் வலிக்குதுடா."

அவ்வளவுதான் சொன்னார். புரட்சி என்றோ உரிமை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி வாசலில் நின்ற வண்டியின் சீட்டை யாரோ பிளேடு போட்டுக் கிழித்துவிட்டுப் போனார்கள். அப்பா அதைச் செருப்புத் தைக்கிற நூலால் தைத்துக்கொண்டு மறுநாளும் அதே தெருவில் ஏறி உட்கார்ந்தபடியே போனார். அந்தத் தையல் கடைசி வரைக்கும் சீட்டில் இருந்தது.

2015-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது, பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். செருப்புப் போடுவதைத் தடுப்பதும் அதே வரியில் வருகிறது. ஒரு நாட்டின் சட்டப்புத்தகத்தில் மோட்டார் சைக்கிள் என்ற சொல் இப்படி வந்து உட்கார வேண்டுமென்றால் எத்தனை பேர் இறங்கித் தள்ளியிருக்க வேண்டும், யோசியுங்கள். அதற்குப் பிறகும் 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் புகார்.

2017-இல் அப்பா செத்துப்போனார். வண்டி எனக்கு வந்தது. அஞ்சு வருஷத்தில் நான் அதைக் கொன்றுவிட்டேன்.

3

அந்த ஊர்த்தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது என் முதுகு கூனிவிட்டது. வெயிலும் எடையும் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எனக்குத் தெரியும். ஓடாத வண்டியைத் தள்ளுவதும் ஓடுகிற வண்டியைத் தள்ளுவதும் பார்க்கிறவனுக்கு ஒன்றுதான். என் கால் செருப்பைக் கழற்றப் பார்த்தது. முப்பத்தஞ்சு வயசு, எம்.ஏ. தமிழ், பத்து வருஷமாக மேடையில் பேசுகிறவன். கால் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து பெரியவர் ஒருத்தர் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி, வண்டி நின்னுபோச்சா?"

"ஜாம் ஆயிடுச்சுங்கய்யா. மெக்கானிக் கடை எங்க இருக்கு?"

"இன்னிக்கு வருசப் பொறப்பு, அவன் எங்க கட தொறக்கப் போறான்? நெழல்ல வந்து ஒக்காரு மொதல்ல. மூஞ்சியே கறுத்துப்போச்சே. ஏ பாப்பா, தண்ணி கொண்டா!"

செம்பில் தண்ணீர் வந்தது. அண்ணாந்துதான் குடித்தேன். அது பழக்கம். "வாய வெச்சே குடி தம்பி, பொறையேறப் போவுது" என்றார். வாய் வைத்துக் குடித்தேன்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. வராமல் இருக்காது.

"எந்த ஊரு?"

"விழுப்புரங்க."

"சொந்த ஊரே அதானா?"

பக்கத்தில் ஒரு கிராமத்தின் பேரைச் சொன்னேன். என் ஊர்தான், பொய்யில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அங்க நம்ம ஆளுங்கதான ஜாஸ்தி!" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஊரில் அவர்கள் ஜாஸ்தி என்பது உண்மை. எந்தப் பக்கத்துத் தெருவில் நான் பிறந்தேன் என்று அவர் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையும் நான் பேசின தமிழும் அவருக்குப் பதில் சொல்லிவிட்டன.

அவர் பேரையோ ஊரையோ சாதியையோ நான் எழுதப்போவதில்லை. நல்ல மனுஷன். காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். தவிர, அந்த இடத்தில் எந்தச் சாதியைப் போட்டாலும் கதை மாறாது.

"நாளும் கெழமையுமா பசியோட போவக் கூடாது, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சீட்டில் கட்டியிருந்த படத்தை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தேன். சுவரோரம் சாய்த்து வைக்கக் குனிந்தபோது கேட்டார்:

"இன்னா அது, சாமி படமா தம்பி?"

நான் தலையாட்டினேன்.

"அத ஏன் கீழ வெக்கிற?" என்று என் கையிலிருந்து வாங்கி, சாமி மேடைக்குக் கொண்டுபோய், எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். கைகூப்பினார்.

வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி, அவரைக்காய்ப் பொரியல். தலைவாழை இலை. அந்த அம்மா குனிந்து குனிந்து பரிமாறினார்கள். "கூச்சப்படாம சாப்புடு கண்ணு." நல்ல பசி. சாப்பிட்டேன். இலையிலிருந்து தலையைத் தூக்கினால் எதிரே சாமி மேடை. பேப்பருக்குள்ளே கோட்டு போட்டுக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார், அவருடைய பிறந்தநாளில். எனக்கு மட்டும் தெரியும்.

வண்டியைக் களத்துக் கொட்டாயில் விட்டுவிட்டு, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் பையன் என்னைத் தன் வண்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டான்.

4

கூட்டத்தில் தோழர்களிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சாமி மேடையில ஏத்திட்டியேப்பா! விளக்கு வேற!" ஒருத்தர் மேடையிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஏதோ நாம் ஜெயித்துவிட்ட மாதிரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் என்று தெரியாமல் கும்பிட்ட கும்பிடு அம்பேத்கருக்கு எப்படி மரியாதையாகும்? அது பேப்பருக்குள் இருந்ததால் கிடைத்த மரியாதை. பேப்பரைப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். படத்துக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. எனக்கும் மேலே ஒரு பேப்பர் சுற்றியிருந்தது. அந்தப் பேப்பருக்குத்தான் இலை போட்டார்கள்.

ஆக, கேள்வி ரெண்டு. நான் செய்தது பொய்யா? நான் சாப்பிட்ட சோற்றுக்கு நன்றிக்கடன் உண்டா?

முதல் கேள்வி. இதற்கு நமக்கு முன்னோடி அம்பேத்கர்தான். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் சொல்லக்கூடிய சின்ன நூலில் தன் பயணங்களை எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் அச்சாகவில்லை, 1990-இல்தான் வெளியே வந்தது. 1901-இல் சின்னப் பையனாக மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். ஸ்டேஷன் மாஸ்டர் யார் என்று கேட்கிறார். பையன் யோசிக்காமல் மகார் என்று சொல்லிவிடுகிறான். அந்த மனுஷன் முகம் மாறி விலகிப் போகிறார். எந்த வண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறான். கடைசியில் ரெட்டைக் கூலி கொடுத்து, பையன்களே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் கீழே நடந்து வருகிறான். அதே ராத்திரி தாகத்துக்குத் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கிறது. முஸ்லிம் என்று சொல்லச் சொல்கிறான் வண்டிக்காரன். பையன் அப்படியே சொல்கிறான். சொல்லியும் தண்ணீர் கிடைக்கவில்லை.

அப்புறம் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவில் வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் காப்பாளன் சம்மதத்தோடு பார்சிப் பேர் எழுதித் தங்குகிறார். பதினோராம் நாள் கம்புகளோடு ஒரு டஜன் பார்சிகள் வந்து யார் நீ என்று கேட்கிறார்கள். 

ஒரே வாழ்க்கையில் மூணும் இருக்கிறது. யோசிக்காமல் உண்மை சொன்னதும், தாகத்துக்குப் பொய் சொன்னதும், கூரைக்காகப் பேரை மாற்றிக்கொண்டதும். இதில் எது அம்பேத்கர்? மூணும்தான். உண்மை பேசு என்று போதிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உண்மை பேசுவதற்கு ஆகும் செலவு எல்லாருக்கும் ஒரே விலை இல்லை. அந்தப் பெரியவர் தன் சாதியைச் சொன்னால் அவருக்கு எதுவும் குறையாது, சொந்தக்காரன் ஒருத்தன் கூடுவான். நான் என் சாதியைச் சொன்னால் முதலில் செம்பு போகும், அப்புறம் நிழல் போகும், கெட்ட நேரமாயிருந்தால் மேலேயும் கை விழும். அந்தத் தெருவில் நான் ஒற்றை ஆள், வண்டியும் ஓடாது. "எந்த ஊரு?" என்பது வெறும் ஊர் விசாரிப்பு இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை அவருக்கு இருக்குமானால், தெருவைச் சொல்லாமல் ஊரை மட்டும் சொல்கிற உரிமை எனக்கும் உண்டு. குறள் 292-இல் வள்ளுவர், குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யைக்கூட மெய்யாகக் கொள்ளலாம் என்கிற பொருளில் சொல்கிறார். எம்.ஏ. வகுப்பில் இதை விளக்கின எங்கள் பேராசிரியர் வேடனிடமிருந்து மானைக் காப்பாற்றுகிற கதையைச் சொன்னார். மானே பேச வேண்டி வந்தால் என்ன சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் ஊரைச் சொல்லி நிறுத்திக்கொண்டதில் எனக்கு வெட்கமில்லை. இன்னொரு தடவை நின்றாலும் அப்படியே செய்வேன்.

ஆனால் தலையாட்டினது? அது வேறு. அங்கே அவர் என் சாதியைக் கேட்கவில்லை. சாமி படமா என்று கேட்டார். இல்லைங்க, தலைவர் படம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்தத் தலைவர் என்று அடுத்த கேள்வி வரும், ஏப்ரல் 14 என்பது அவருக்கும் தெரிந்த தேதிதான் என்று பயந்தேன். பயம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் ஊரைச் சொன்னபோது நான் என்னைத்தான் மறைத்தேன், அது என் சொத்து, மறைக்கலாம். தலையாட்டினபோது மறைத்தது என் சொத்து இல்லை. சாமி வேண்டாம் என்று சொன்ன ஒரு மனுஷனை ஒரு வேளைச் சோற்றுக்காகச் சாமியாக்கிவிட்டேன்.

இங்கேதான் அந்தச் சின்ன நூல் எனக்கு இன்னொன்றைச் சொன்னது. அம்பேத்கர் பேரை மாற்றி எழுதினார், அப்புறம் மாற்றி எழுதினேன் என்று எழுதினார். மறைத்ததைப் பிறகு எழுதிவைத்தார். மறைக்க வேண்டிய நிலைமையில் மறைக்கலாம். ஆனால் ஆபத்து விலகினபிறகும் மறைத்ததையே மறைத்துவிட்டால், அந்தப் பொய்யை நாம் குடிவைத்துக்கொண்டோம் என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

5

மூணாம் நாள் வண்டியை எடுக்கப் போனேன். மெக்கானிக் ஒருத்தரையும், கூட்டம் நடந்த காலனியிலிருந்து ரெண்டு பேரையும் ஒரு குட்டி யானையில் கூட்டிக்கொண்டு போனேன். முந்தின ராத்திரி நல்ல கோடை மழை. களத்துக் கொட்டாய் ஒழுகும் போலிருக்கிறது. என் வண்டியின் மேல் தார்ப்பாய் போர்த்தி, காற்றில் பறக்காமல் நாலு பக்கமும் செங்கல் வைத்திருந்தது. அவர் கடலை மூட்டைகள் மேல் கோணிதான் கிடந்தது.

பெரியவர் வந்தார். "வா தம்பி" என்றவர் என்னோடு வந்த ரெண்டு பேரைப் பார்த்தார். அவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள், அவருக்கு முகம் தெரியும். அவர்களோடு நான் பேசின விதத்தையும் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. முகத்திலே தெரிந்தது. சும்மா இருந்திருந்தால் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். நான் சொன்னேன்:

"ஐயா, அன்னிக்கு சாமி மேடையில வெச்சீங்களே, அது சாமி படம் இல்லீங்க. அம்பேத்கர் படம். நான் தலையாட்டினது தப்பு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா சோறு போட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போது நினைக்கிறேன். அப்போது கேட்டுவிட்டேன். கூட வந்த ரெண்டு பேரும் வண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை, தார்ப்பாயைப் பார்த்தார்.

"வண்டிய வெச்சிருந்திருப்பேன்" என்றார்.

சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த தடவை 'தம்பி' இல்லை. 'டா'வும் இல்லை. நான் நன்றி சொன்னேன். தலையை அசைத்தாரா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. யாரும் வெளியே போ என்றும் சொல்லவில்லை.

வழியெல்லாம் கூட வந்தவர் திட்டிக்கொண்டே வந்தார். "ஒனக்கு ஏன் இந்த வேல? நாளைக்கு ஒத்தையில ஒரு ஆளு வண்டியத் தள்ளிக்கினு அந்தத் தெருவுக்குப் போனா, தண்ணி குடுக்கிறதுக்கு முன்னாடி தெருவு எதுன்னு கேப்பான். ஒன் மனசாட்சிக்கு அடுத்தவன் செம்பு போச்சு." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் முழுப்பதில் இல்லை. ஆனால் அந்தப் பெரியவர் 'வெச்சிருந்திருப்பேன்' என்று சொன்னது பொய்யில்லை என்று நம்புகிறேன். அவருடைய அறம் எது வரைக்கும் வரும், எங்கே நின்றுவிடும் என்று அவருக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்திருக்கும். வண்டி வரைக்கும் வரும். இலை வரைக்கும் வராது. அந்த எல்லையை அவர் வாயாலே சொல்ல வைத்ததற்கு ஏதாவது பயன் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைவிட அதிகமாக உரிமை கொண்டாட மாட்டேன்.

6

ரெண்டாவது கேள்வி, நன்றிக்கடன். செய்ந்நன்றி அறிதல் என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார் வள்ளுவர். மற்ற பாவத்துக்கெல்லாம் மீட்பு உண்டு, நன்றி கொன்ற பாவத்துக்கு இல்லை என்கிற வரைக்கும் போகிறார். இந்த நன்றி என்கிற வார்த்தையை வைத்து நம்மைக் காலங்காலமாகக் கட்டிப்போட்டார்கள். 'எங்க சோத்தத் தின்னவன்தானே' என்கிற ஒரு வசனத்தில் மூணு தலைமுறைப் பண்ணைக்கூலி அடங்கியிருக்கிறது. அதனால் இந்த வார்த்தையை நான் சுலபத்தில் ஏற்க மாட்டேன்.

நான் ஒரு வாதம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்தச் சோறு எனக்குப் போட்டதில்லை. அவர் மனசுக்குள் ஒரு ஆள் இருந்தான், என் ஊரில் பிறந்த அவர் சாதிக்காரன். அப்படி ஒருத்தன் அங்கே வரவே இல்லை. இல்லாத அந்த ஆளுக்குத்தான் இலை போட்டார்கள். அவன் பட்ட கடனை நான் ஏன் அடைக்க வேண்டும்? தார்ப்பாய் வேறு. வண்டி யார் வண்டியாக இருந்தாலும் நனையும். அதற்குத்தான் போர்த்தினார். அதற்கு நன்றி சொல்லிவிட்டேன். கணக்கு முடிந்தது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டது:

"அன்னிக்குப் பசிச்சது ஒனக்கா, அந்த இல்லாதவனுக்கா?"

எனக்குத்தான்.

"அப்ப சோறு ஒனக்குத்தான். அந்தப் பொம்பள ஒன் வவுத்தப் பாத்துதான் போட்டிருப்பா. அவங்க சாதிய அவங்க பாத்துக்கட்டும். ஒன் வவுத்த நீ இல்லன்னு சொல்லாத."

என் வாதம் அங்கேயே ஜாம் ஆகிவிட்டது.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் உருகி சிலிண்டரில் ஒட்டியிருந்தது. கனெக்டிங் ராடும் போய்விட்டது. சாமான் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வண்டி விலையைவிட அதிகமாகும் என்றார். காயலான் கடைக்குப் போட்டோம். எடைக்கு மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்தார்கள். சீட்டுக்கு எடை கிடையாது என்று கழற்றி ஓரமாக எறிந்தார் கடைக்காரர். தையல் போட்ட அந்தச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆர்சி புத்தகத்தை ஆர்டிஓ ஆபீஸில் ஒப்படைக்கப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பத்திரங்களிலே சாதி எழுதாத ஒரே காகிதம் அதுதான் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அப்பா பேர், தாத்தா பேர், முகவரி. முகவரியில் ஊர்ப்பேருக்கு முன்னால் 'காலனி' என்று இருந்தது. சொல்லாமலே சொல்லிவிட்டது. அரசாங்கப் பதிவுகளிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடுவதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் முதல்வர் அறிவித்தார். நல்லது. எடுக்கட்டும். திண்ணையில் உட்கார்ந்து "எந்த ஊரு?" என்று கேட்கிறவரின் நாக்கிலிருந்து எடுக்க அரசாணை போதாது.

கடன் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். அம்மா சொன்னபிறகு வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கடனுக்கு வட்டியாக நான் குனிய மாட்டேன். சோற்றுக்கடனைச் சோற்றால்தான் அடைக்க முடியும். அந்தப் பெரியவரின் வண்டி என்றைக்காவது எங்கள் தெருவில் நின்றால் நிழலில் உட்கார வைப்போம். செம்பில் தண்ணீர் கொடுப்போம். அம்மா இலை போடும். எந்த ஊர் என்று கேட்க மாட்டோம். அவர் சாப்பிடுவாரா மாட்டாரா என்பது அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. என்னுடையதற்கு நான் லேட்டாகவாவது பதில் சொல்லிவிட்டேன்.